நான் மீட்டுத் தராத போட்டோக்கள்

கடை வாசலில் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்றுதான் போர்டு எழுதியிருந்தேன். ஆனால் நான் பார்த்த வேலையில் பாதி, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "இல்லைங்க, இது வராது" என்பதை எந்தக் குரலில் சொல்வது என்று யோசிப்பதுதான்.

கோவில்பட்டியில் மார்க்கெட்டுக்குப் போகும் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒன்பது வருஷம் கடை வைத்திருந்தேன். பிள்ளை படிப்பதற்கென்று ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்த காலம் அது. பின்னாலேயே டிஜிட்டல் கேமரா வந்தது. பிலிம் ரோல் போயிற்று. முப்பத்தாறு படம்தான் என்ற கணக்கும் போயிற்று. கழுவிக்கொண்டுவந்து ஆல்பத்தில் சொருகுகிற வேலையும் போயிற்று. எடுப்பது மிகவும் சுலபமாகிவிட்டது. எடுத்ததை எங்கே, எப்படி வைப்பது என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டு பீரோவிலும் திறக்காத சிடி ஒன்று இருக்கும். சத்தம் போட்டுவிட்டு நின்றுபோன ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருப்பீர்கள். அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

மஞ்சள் கவர்

கடை திறந்த இரண்டாவது வருஷம் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து மங்கையர்க்கரசி டீச்சர் வந்தார். கம்ப்யூட்டரைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே வைரஸ் மண்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதைத் தவிர வழியில்லை. "டீச்சர், சி டிரைவ் மட்டும்தான் அழியும். டி டிரைவில கை வைக்க மாட்டேன். முக்கியமானதெல்லாம் டி-யிலதான இருக்கு?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். அந்த 'ஆமா'வை வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அரை மணி நேரத்தில் மெஷின் புதுசு போல ஓடியது. டீச்சருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தார். "ஸ்கிரீன்ல ஒரு மஞ்சக் கவர் இருக்கும் தம்பி, அதைக் காணோம். ஸ்கூலுக்குப் போகுமுன்ன ஒருதரம் திறந்து பாத்துட்டுத்தான் போவேன்." அவருடைய கணவர் அந்த வருஷம் பங்குனியில் இறந்திருந்தார். சென்னையில் வேலை பார்க்கிற மகன், அதற்கு முந்தின லீவில் கேமரா கொண்டுவந்து அப்பாவை எடுத்த படங்கள் அந்தக் கவருக்குள், அதாவது ஃபோல்டருக்குள், இருந்தன. ஸ்கிரீனில் தெரிகிறதெல்லாம் சி டிரைவில் இருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரியாது. தெரிந்த நான் அதைக் கேட்கவில்லை.

மூன்று நாள் அந்த டிஸ்க்கைத் தோண்டினேன். நூற்றுச் சொச்சம் படம் வந்தது. திறந்தால் ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. மேலே படம், கீழே சாம்பல் நிறப் பட்டை. இருந்ததிலேயே நல்ல படத்தில் டீச்சர் கணவரின் நெற்றியும் மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. டீச்சர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்ட உங்களுக்கும் விளங்கல, ஆமான்ன எனக்கும் விளங்கல. வகுப்புல விளங்காமலே தலையாட்டுத பிள்ளையளத்தான் நான் எந்திரிச்சு நிக்கச் சொல்லுவேன் தம்பி."

ரெண்டு காப்பி

அதற்குப் பிறகு நான் பிரசங்கியாகிவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் "ரெண்டு காப்பி எடுத்து வைங்க, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்" என்பேன். அதைக் கேட்டு நடந்த ஒரே மனிதர் ராஜாமணி அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் ஆபீஸ்தான். பேத்தி பிறந்ததிலிருந்து காதுகுத்து வரைக்கும் அவரே கேமரா பிடித்திருந்தார். மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து, இன்னொரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கி, கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டி, எல்லாப் படத்தையும் இரண்டிலும் ஏற்றிவைத்தார். சித்திரையில் ஒரு சாயங்காலம், மழை இல்லாமல் இடி மட்டும் இறங்கியது. தெருவில் கரண்ட் எகிறி, அவர் வீட்டில் ட்யூப் லைட்டிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை போயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியை என் மேஜையில் வைத்துத் திறந்தபோது கருகின வாடை கடை முழுக்க நின்றது. இரண்டு டிஸ்க்கின் அடியில் இருந்த பச்சை சர்க்யூட் அட்டையும் ஒரே இடத்தில் கறுத்திருந்தது. அதே மாடல் அட்டை தேடிப்பிடித்து மாற்றிப் பார்த்தேன். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம். 'இயலவில்லை' என்று ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. அண்ணாச்சி கோபப்படவே இல்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"ரெண்டு எடுத்து வைங்கன்னு சொன்னிய, வச்சேன். ரெண்டையும் ரெண்டு எடத்துல வைங்கன்னு சொல்லலையே?"

கம்பங்காட்டுக் கல்யாணம்

புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் மாமனாரோடு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். கையிலிருந்த சிடியைத் துண்டில் வைத்து நீட்டினாள். நான் அதுவரைக்கும் அப்படி ஒரு சிடியைப் பார்த்ததில்லை. மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ரோடு தெரிந்தது. நடு ஓட்டையில் சணல் கட்டின தடம் இருந்தது.

நடந்தது இதுதான். கம்பு கதிர் பிடிக்கிற நேரம். குருவியும் கிளியும் கூட்டமாக வந்து விழுகின்றன. பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிட்டால் பறவை அண்டாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமனார் டிவிப் பெட்டிக்கு மேலே கிடந்த சிடிகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் குச்சி நட்டுக் கட்டிவிட்டார். இரண்டு மாச வெயில். அறுப்பு முடிந்து, பொங்கலுக்கு வந்த மகன் கல்யாண சிடியைத் தேடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்டுடியோவில் கேட்டால், ஆறு மாசத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை என்றார்கள். ஆல்பம் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்ததால் காகிதத்திலும் ஒரு படமில்லை.

கடைக்கு வந்த பேருக்கு அந்தச் சிடியை மெஷினில் போட்டேன். உள்ளே அது கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே வந்தது. முத்துலட்சுமி மாமனாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்ல மாமா" என்றுகூடச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பெரியவருக்குத்தான் ஆறவில்லை. சிடியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"கட்டுமுன்ன நல்லாத்தான் பாத்தேன் தம்பி. இதுக்குள்ள கல்யாணம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாத்தா என் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

மணியாச்சியிலிருந்து வந்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன்.

மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர் சண்முகையா. ஒருநாள் காலை பாசஞ்சரில், மச்சினனோடும் மச்சினன் வீட்டுக் கம்ப்யூட்டரோடும் வந்து இறங்கினார். மகள் ஒன்பது வயசில் காய்ச்சலில் இறந்திருந்தாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையை யாரும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனதில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாவாடை தாவணி கட்டி ஆடினபோது மச்சினன் தன் கேமராவில் எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். அப்புறம் கேமராவில் இடம் வேண்டுமென்று அதில் அழித்தான். அப்புறம் ஏதோ ஒரு நாள், சினிமாப் படங்கள் ஏற்ற இடம் பத்தவில்லை என்று கம்ப்யூட்டரிலும் அழித்தான். பிள்ளை அப்போது நன்றாக இருந்தாள். மாமா வீட்டுக்கு வந்து அதே கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டும் போனாள். அவன் செய்ததில் என்ன தப்பு? நீங்களும் நானும் செய்கிறதுதான்.

அழித்த இடத்தின் மேலே வேறு எதையும் எழுதாமலிருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். இவன் அதே இடத்தில் முப்பது சினிமா ஏற்றியிருந்தான். இரண்டு நாள் ஓடவிட்டேன். சண்முகையா டியூட்டி முடித்து இரண்டு நாளும் வந்தார். கடைக்கு உள்ளே வர மாட்டார். மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருப்பார். மச்சினன் உள்ளே நின்றுகொண்டு ஸ்கிரீனையும் பார்க்க முடியாமல், வெளியே அவரையும் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்று கிடைத்தது. நீங்கள் படம் வைத்திருக்கிற ஃபோல்டரைத் திறந்தால் சின்னச் சின்னதாகப் படங்கள் வரிசையாகத் தெரியுமே, அந்தக் குட்டிப் படங்களை மட்டும் கம்ப்யூட்டர் ஒரு மறைவான ஃபைலில் தனியாகப் போட்டு வைக்கும். நிஜப் படம் எல்லாம் போய்விட்டது. அந்த மறைவு ஃபைல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள் பதினொரு படம். ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து முகமே இல்லாமல் போகும். அப்படியே வைத்துப் பார்த்தால் பச்சைத் தாவணி தெரிந்தது, இரண்டு சடை தெரிந்தது, சிரிக்கிறாள் என்பது தெரிந்தது.

வெளியே போய்ச் சொன்னேன். பெரிதாக வராது என்பதையும் சொன்னேன். மச்சினன் அங்கேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டான். சண்முகையா அவன் முதுகில் தட்டினார். "ஏலே, எந்திரி. நீ எடுத்ததுனாலதான இதாவது இருக்கு" என்றார். நான் பதினொன்றையும் அந்தச் சின்ன அளவிலேயே ஒரே தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றை மட்டும் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டி, சட்டைப் பையிலிருந்த ரயில்வே பாஸ் உறைக்குள் சொருகினார். கொஞ்சம் பெரிதாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"பிறக்கையிலயும் இம்புட்டுத்தான் இருந்தா அண்ணாச்சி. எடை பத்தலைன்னு ஒரு மாசம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் வச்சிருந்தாவ."

சாமி பாட்டு

விளாத்திகுளம் போகும் ரோட்டில் ஒரு கிராமத்து சம்சாரி வீடு. எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. நிலபுலம், டிராக்டர் எல்லாம் உண்டு. அந்த வீட்டு அம்மாவும் இளைய மகள் செல்வியும் வந்தார்கள். வெள்ளையடிப்பதற்காக மேஜையை நகர்த்தும்போது கம்ப்யூட்டர் கீழே விழுந்துவிட்டது. டிஸ்க் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தொழிலில் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டோம். செல்வியின் சடங்கு, புதுமனை புகுவிழா, தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் அதில் இருந்தன.

டிஸ்க் நின்று நின்று ஓட, ஒரு வாரம் இழுத்து எடுத்தேன். அவர்கள் கேட்டது ஏறக்குறைய எதுவும் வரவில்லை. ஆனால் அவர்கள் கேட்காதது வந்தது. இன்னொரு பெண்ணின் படங்கள். ஸ்கூல் யூனிஃபார்மில், கிணற்று மேட்டில், செல்விக்குத் தலை பின்னிக்கொண்டு, காலேஜுக்குப் போகிற பையோடு. இருநூறுக்கு மேலே. இது உங்கள் வீட்டுப் படம்தானா, வேறு யாருடையதும் கலந்துவிட்டதா என்று கேட்டு ஸ்கிரீனைத் திருப்பினேன். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செல்விதான் சொன்னாள். மூத்தவள் பூங்கொடி. தானாகப் பார்த்த பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஐந்து வருஷமாயிற்று. அன்றைக்கே அப்பா உட்கார்ந்து, அவள் இருக்கிற படத்தையெல்லாம் ஒன்று விடாமல் ஆளை வைத்து அழிக்கச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்ததும் அடுப்புக்குப் போயிற்று. அழித்த படம் டிஸ்க்கின் ஒரு மூலையில் யாரும் தொடாமல் அப்படியே கிடந்திருக்கிறது. வைத்திருந்த படம் எல்லாம், விழுந்ததில் அடிபட்ட பக்கத்தில் இருந்திருக்கிறது. இதை அந்த அம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்ப வேண்டாம்னு அழிச்சதெல்லாம் வந்திருக்கு, வேணும்னு வச்சதெல்லாம் போயிருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் நாற்காலியை ஸ்கிரீனுக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். "பின்னால போங்க... இன்னும் பின்னால" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் படங்களில் ஒன்றில் பூங்கொடி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாக்கைத் துருத்தியிருந்தாள். அதில் நிறுத்தச் சொல்லி, "ஏட்டி, இது நீ எடுத்ததுல்லா?" என்று செல்வியைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். செல்வியின் அப்பா கேட்டால் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். படங்களை ஒரு சிடியில் ஏற்றிக் கேட்டார். மேலே என்ன எழுத என்று பேனாவை எடுத்தேன்.

"சாமி பாட்டுன்னு எழுதிக் குடுங்க. அவிய சாமி பாட்டு சிடியத் தொட மாட்டாவ."

சிவஞானம் சார்

"இது வராது" என்று நான் ஒருதரம்கூடச் சொல்ல நேராத வாடிக்கையாளர் இவர். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். தை மாசம் பிறந்தால் ஒரு டப்பா நிறைய சிடியோடு வந்துவிடுவார். ஒவ்வொன்றையும் போட்டு, ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பார்த்து, சந்தேகமாக இருப்பதைப் புது சிடிக்கு மாற்றி, தேதி எழுதுவார். ஒரு செட் மதுரையில் தம்பி வீட்டில், ஒரு செட் திருநெல்வேலியில் கொழுந்தியாள் வீட்டில், ஒன்று பேங்க் லாக்கரில், ஒன்று தன்னிடத்தில். "இப்படி ஒரு ஆள் இருக்காருங்க" என்று நான் மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் சொல்வேன்.

ஒரு வருஷம், டிவியிலேயே படம் பார்க்கும்படி வீட்டில் மாட்டித்தர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனேன். போகிற வழியில் மனைவியைப் பற்றி, "அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிட்டு. டாக்டரு பழைய போட்டோவக் காட்டச் சொல்லுதாரு" என்றார். அம்மா பிரம்பு நாற்காலியில், தலைவாரிப் பூ வைத்து, எங்கோ புறப்படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க, காப்பி குடிக்கியளா?" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். நான் வயரை மாட்டினேன். அவர்களுடைய ஒரே மகளின் கல்யாணப் படங்கள் ஒவ்வொன்றாக டிவியில் வந்தன. ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லை. பன்னீர்ச்செம்பு தெரிந்தது. வாசலில் அரக்குப் பட்டு கட்டி நின்று எல்லாரையும் கும்பிடுகிற அந்த அம்மாவே தெரிந்தார். சார் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, "இது யாரு? இங்கன நிக்கது யாரு, பாரு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா கண்ணெடுக்காமல் கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார். பிறகு சாரிடம் மெதுவாக, வருத்தமாகக் கேட்டார்:

"நல்லாத்தான் நடத்தியிருக்காவ. நமக்கு ஏன் பத்திரிகை வைக்கல?"

என் வீடு

கடைசியாக என் கதை. சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சாகப்போகிற டிஸ்க் ஒன்று வந்தால், அதிலிருந்து இழுக்கிறதைக் கொட்டி வைக்க இன்னொரு காலி டிஸ்க் உடனே வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒருவர் வந்தார். கடையில் காலி டிஸ்க் இல்லை. வாங்கலாமென்றால் கடைகள் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய், எங்கள் அலமாரியிலிருந்ததை எடுத்துவந்தேன். அதில் இருந்த படங்களை இன்னொன்றில் காப்பி எடுத்துவிட்டோம் என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது. ஃபார்மட் செய்தேன். வந்தவருடைய தம்பி கல்யாணம் நாலாயிரம் படமும் பழுதில்லாமல் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

காப்பி எடுத்தது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று நினைத்தே அது எடுத்ததாக ஆகிவிட்டிருக்கிறது. போனது என் மகனின் முதல் இரண்டு வருஷம். தொட்டில், தவழ்ந்தது, முதல் மொட்டை, அரிசிப் பல்லோடு சிரித்தது, எல்லாம் என் மனைவி சுதா எடுத்தவை. நாலு நாள் அவளிடம் சொல்லாமலே வைத்திருந்து, கடையில் எல்லா சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தேன். நாலாயிரம் கல்யாணப் படத்துக்கு அடியில் என் பிள்ளை எங்கேயும் இல்லை.

ஐந்தாம் நாள் சொன்னேன். அவள் சுளகு வைத்துப் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை. நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு வருஷமும், அவன் எழுந்திருக்குமுன் கடைக்குப் போய் அவன் தூங்கின பிறகுதான் நான் திரும்பி வந்திருக்கிறேன். நடந்ததை எல்லாம் அந்தப் படங்களில்தான் நான் பார்த்திருந்தேன். அது அவளுக்கும் தெரியும். உமியை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"நான் கண்ணால பாத்துட்டேன், எனக்கு ஒண்ணும் போகல. உங்களுக்குத்தான் போச்சு."

ஒன்பது வருஷம் அந்த மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாம் பத்திரமா இருக்கு" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.